மெஸ்தாயா இடிபடும் முன்னே

கால்பந்து பார்க்க ஸ்பெயினுக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால், "மாட்ரிட்டா, பார்சிலோனாவா?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். தொலைக்காட்சி அந்த இரண்டு பெயர்களை நமக்கு மனப்பாடம் ஆக்கிவிட்டது. காஞ்சிபுரத்திலிருந்து கிளம்புகிறவருக்கு நான் சொல்லும் ஊர் வேறு. மத்தியதரைக் கடற்கரையில், பார்சிலோனாவுக்குத் தெற்கே ஏறக்குறைய 350 கிலோமீட்டரில் இருக்கும் வலென்சியா. ஸ்பெயினின் மூன்றாவது பெரிய நகரம்.

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. அந்த ஊரின் நூறு வயது மைதானமான மெஸ்தாயாவின் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன. புது மைதானம் எழுந்ததும் பழையதை இடிக்கப் போகிறார்கள். இரண்டாவது, ஊருக்குள்ளேயே இரண்டு கிளப்புகள், ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் வில்லாரியல் என்ற மூன்றாவது என்று ஒரே தங்கலில் மூன்று வகையான கால்பந்து ஊர்களைப் பார்த்துவிடலாம். மூன்றாவது காரணம் நம் ஊர் சம்பந்தப்பட்டது. வலென்சியா ஒரு பட்டு ஊர். ஏரிப் பாசனம் கண்ட நம்மைப் போலவே கால்வாய்ப் பாசனத்தை ஊராட்சியாக நடத்திய ஊர். பட்டும் தண்ணீரும் தெரிந்த கண்ணோடு அங்கே போகிறவருக்கு, மற்றவர்கள் கவனிக்காமல் கடந்துபோகும் பலதும் பிடிபடும்.

நட்சத்திர ஆட்டக்காரரைப் பார்க்கப் போகும் பயணம், அவர் காயத்தில் உட்கார்ந்துவிட்டால் வீணாகிவிடும். ஊரைப் பார்க்கப் போகும் பயணம் வீணாவதில்லை. வைகாசி கருட சேவைக்குக் காஞ்சிக்கு வருகிறவர்கள் வரதராஜப் பெருமாளை மட்டுமா பார்த்துவிட்டுப் போகிறார்கள்? விடிகாலையில் தெருவே விழித்திருப்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். வலென்சியா பயணத்தையும் அப்படித்தான் திட்டமிட வேண்டும்.

நூறு வயது மைதானம்

வலென்சியா கிளப் பிறந்தது 1919 மார்ச் 18. மெஸ்தாயா திறந்தது 1923 மே 20. முதல் ஆட்டமே அதே ஊரின் மூத்த அணியான லெவான்டேயுடன். வலென்சியா 1-0 என்று வென்றது. அன்று 17,000 பேருக்காகக் கட்டிய மைதானம் இன்று ஏறக்குறைய 49,000 பேரைக் கொள்கிறது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சிதைந்து, மீண்டும் எழுந்தது. 1957 வெள்ளத்தில் சேறு நிறைந்து, மறுபடியும் எழுந்தது. 1982 உலகக் கோப்பையில் ஸ்பெயின் தன் முதல் சுற்று ஆட்டங்கள் மூன்றையும் இங்கேதான் ஆடியது. ஹோண்டுராஸோடு 1-1 சமன், யுகோஸ்லாவியாவுக்கு எதிராக 2-1 வெற்றி, கடைசியில் வட அயர்லாந்தின் ஜெரி ஆம்ஸ்ட்ராங் அடித்த ஒரே கோலில் தோல்வி. வட அயர்லாந்துக்காரர்கள் இன்றைக்கும் கொண்டாடும் இரவு அது.

கிளப்பின் பெருமைகளும் குறைந்தவை அல்ல. ஆறு முறை லீக் பட்டம். எழுபதுகளில் இங்கே ஆடிக்கொண்டிருந்த மரியோ கெம்பெஸ், 1978 உலகக் கோப்பையை வென்ற அர்ஜென்டினா அணியில் வெளிநாட்டுக் கிளப்பிலிருந்து வந்த ஒரே ஆட்டக்காரர். அந்தப் போட்டியில் அதிக கோல் அடித்தவரும் அவரே. 2000, 2001 என அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றார்கள். அந்த வலிக்கு மருந்தாக 2002இலும் 2004இலும் ரஃபா பெனிடெஸ் பயிற்சியில் லீக் பட்டம் வந்தது. டேவிட் வீயாவும் டேவிட் சில்வாவும் 2010 உலகக் கோப்பைக்கு முன் பேர் வாங்கியது இந்தப் புல்தரையில்தான்.

மெஸ்தாயா ஊருக்கு நடுவே, அடுக்குமாடி வீடுகளுக்கு இடையில் நிற்கிறது. அரகோன் மெட்ரோ நிலையத்தில் இறங்கி இரண்டு தெரு நடந்தால் போதும். ஆட்டத்தன்று சுவேசியா அவென்யூவில் கூட்டம் சேர்கிறது. அணியின் பேருந்து வரும்போது வாணப் புகை எழும்ப, கொடி அசைய, வழி விடாமல் நின்று வரவேற்கிறார்கள். கிளப்பை 2014இல் வாங்கிய சிங்கப்பூர்க்காரர் பீட்டர் லிம்முக்கு எதிரான முழக்கங்களும் அதே தெருவில்தான் எழுகின்றன. உள்ளே போனதும் மேல் அடுக்கின் செங்குத்து திகைக்க வைக்கும். படியில் ஏறி உட்கார்ந்தால் மைதானம் காலுக்கு நேர் கீழே கிடக்கும். இடைவேளை விசில் ஊதியதும் பக்கத்து இருக்கைகளில் அலுமினியத் தாள் பிரியும் சத்தம். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ரொட்டிப் பொதிகளை எல்லோரும் ஒரே நேரத்தில் பிரிக்கிறார்கள். மற்ற நேரமெல்லாம் சூரியகாந்தி விதை கொறிக்கிறார்கள். ஆட்டம் முடியும்போது படியெல்லாம் தோல் சிதறிக் கிடக்கும்.

அந்த மைதானத்தில் தவறாமல் பார்க்க வேண்டியது ஓர் இருக்கை. மத்திய அரங்கில் 15ஆவது வரிசை, 164ஆம் எண். அதில் ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருக்கிறார், வெண்கலச் சிலையாக. பெயர் விசென்டே நவாரோ அபாரிசியோ. 54 வயதில் பார்வை போய்விட்டது. அதன் பிறகும் சீசன் டிக்கெட்டைப் புதுப்பித்து, மகனோடு அதே இருக்கைக்கு வந்துகொண்டிருந்தார். பந்து யாரிடம் இருக்கிறது, யார் ஓடுகிறார் என்று மகன் சொல்லச் சொல்ல ஆட்டத்தைக் கேட்டே பார்த்தார். 2019இல் கிளப்பின் நூற்றாண்டில் அந்தச் சிலையை வைத்தார்கள். முதல் கோப்பையைத் தூக்கியவருக்கோ அதிக கோல் அடித்தவருக்கோ வைக்க வேண்டிய இடத்தில் ஒரு ரசிகரை உட்கார வைத்திருக்கிறார்கள். ஒரு கிளப் யாருடையது என்ற கேள்விக்கு அந்த ஊர் தரும் பதில் அது. மைதானச் சுற்றுலா நடக்கும் நாளில் போனால் கிட்டே நின்று பார்க்கலாம்.

புது மைதானத்தின் வேலை 2007இல் தொடங்கி, பணமில்லாமல் 2009இல் நின்றது. பதினைந்து வருடத்துக்கு மேல் வெறும் கான்கிரீட் எலும்பாக நின்ற கட்டடத்தில் 2025 ஜனவரியில் மறுபடி வேலை ஆரம்பித்தது. 2027இல் குடிபோவது திட்டம். அதன் பிறகு பழைய மெஸ்தாயாவின் நிலத்தில் வேறு கட்டடங்கள் எழும். பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

நாள் பார்க்கும் விதம்

ஸ்பெயின் லீக் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடிகிறது. எந்த வாரத்தில் எந்த அணி யாரோடு மோதும் என்ற அட்டவணை கோடையிலேயே வந்துவிடும். ஆனால் அந்த ஆட்டம் வெள்ளியா, சனியா, ஞாயிறா, திங்களா, எத்தனை மணிக்கு என்பது சில வாரங்களுக்கு முன்புதான் உறுதியாகும். நம் ஊரிலிருந்து போகிறவர் விமான டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்பே எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே புதன் இரவு வலென்சியா சேர்ந்து, அடுத்த செவ்வாய் கிளம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாளில் எந்த நாளில் ஆட்டம் விழுந்தாலும் நீங்கள் ஊரில் இருப்பீர்கள்.

வலென்சியாவும் லெவான்டேயும் ஒரே வாரத்தில் சொந்த ஊரில் ஆடுவது அபூர்வம். ஒருவர் உள்ளூரில் என்றால் மற்றவர் வெளியூரில் என்றுதான் பெரும்பாலும் அட்டவணை அமையும். எனவே வலென்சியாவையும் வில்லாரியலையும், அல்லது லெவான்டேயையும் வில்லாரியலையும் ஒரே வார இறுதியில் இணைக்கும் வாரத்தைத் தேடுங்கள். லெவான்டே 2025இல் மறுபடி முதல் பிரிவுக்கு ஏறிவந்த அணி. எந்தப் பிரிவில் ஆடுகிறது என்பதை அந்தந்த சீசனில் பார்த்துக்கொள்ள வேண்டும். ரியல் மாட்ரிட், பார்சிலோனா வரும் ஆட்டங்களைத் தவிர்த்துவிடுவது நல்லது. விலை ஏறும், இடம் கிடைக்காது. நடுத்தர அணி ஒன்று வரும் சாதாரண ஞாயிற்றுக்கிழமையில்தான் அப்பா, பிள்ளை, பாட்டி என்று ஊர்க்காரர்கள் குடும்பமாக வருவார்கள். டிக்கெட்டைக் கிளப்பின் சொந்த இணையதளத்திலேயே வாங்குங்கள், இடைத்தரகர் வேண்டாம்.

மாதங்களில் பிப்ரவரி முதல் மே முதல் வாரம் வரை நமக்கு ஏற்றது. ஆகஸ்டு, செப்டம்பரில் வெயில் கொளுத்தும். அக்டோபர், நவம்பர் அங்கே பெருமழைக் காலம். 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியா மாகாணத்தில் கொட்டிய மழையில் 220க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அந்த வாரம் ரியல் மாட்ரிட்டுடன் நடக்க வேண்டிய ஆட்டம் தள்ளிப்போனது; மெஸ்தாயா நிவாரணப் பொருள் சேகரிக்கும் இடமாக மாறியது. 2015 டிசம்பரில் சென்னையும் காஞ்சிபுரம் மாவட்டமும் தண்ணீரில் நின்றதைக் கண்டவர்களுக்கு அந்த நாட்களை விளக்கவே தேவையில்லை.

மார்ச் மாதத்தில் ஃபாயாஸ் திருவிழா. மார்ச் 1 முதல் 19 வரை தினமும் பிற்பகல் இரண்டு மணிக்கு நகரமன்றச் சதுக்கத்தில் வெடி வெடிக்கிறார்கள். தெருத் தெருவாக மாதக்கணக்கில் செய்த பிரமாண்டப் பொம்மைகளை 19ஆம் தேதி இரவு கொளுத்துகிறார்கள். பார்க்க வேண்டிய விழாதான். ஆனால் விடுதி வாடகை எகிறிவிடும். கால்பந்துக்கும் விழாவுக்கும் சேர்த்துப் போக நினைத்தால், பல மாதங்களுக்கு முன்பே அறை பிடித்தாக வேண்டும்.

விசா, விமானம், ரயில்

ஸ்பெயினுக்கு ஷெங்கன் விசா வேண்டும். விண்ணப்பத்தைச் சென்னையில் பி.எல்.எஸ். மையத்தில் கொடுக்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். நெசவும் கடையும் வைத்திருக்கும் குடும்பங்களில் பலர் வரவு செலவைக் கையிலேயே நடத்துவார்கள். அவர்கள் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தாவது வங்கிக் கணக்கு வழியாகப் பணத்தைப் புழங்கவிட்டு, வருமான வரிக் கணக்கையும் தாக்கல் செய்துவைத்திருந்தால் காகித வேலை சுலபமாகும்.

சென்னையிலிருந்து வலென்சியாவுக்கு நேரடி விமானம் இல்லை. வளைகுடா வழியாக மாட்ரிட்டோ பார்சிலோனாவோ போய், அங்கிருந்து ரயில் ஏறுவது வசதி. மாட்ரிட்டிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பார்சிலோனாவிலிருந்து கடலோரமாகவே வரும் ரயிலுக்கு மூன்று மணி நேரம் போல ஆகும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஆரஞ்சுத் தோட்டம். பகலில் வாருங்கள்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணி

புதன் இரவே போய்ச் சேரச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வியாழக்கிழமை தோறும் பகல் 12 மணிக்கு, வலென்சியா பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. துரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டுக் கால்வாய்களின் விவசாயிகள் தேர்ந்தெடுத்த எட்டுப் பேர் கறுப்பு அங்கியில் வட்டமாக உட்காருகிறார்கள். ஒவ்வொரு கால்வாயின் பேரையும் சொல்லி, வழக்கு உண்டா என்று கூப்பிடுகிறார்கள். முறை தவறித் தண்ணீர் பாய்ச்சியவர் மேல் புகார் இருந்தால் அங்கேயே வாய்மொழியாக விசாரணை, அங்கேயே தீர்ப்பு. வழக்கறிஞர் கிடையாது. பல நூற்றாண்டுகளாக நடக்கும் இந்த மன்றத்தை 2009இல் யுனெஸ்கோ மரபுச் செல்வமாக ஏற்றது.

அப்படிக் கூப்பிடும் எட்டுப் பெயர்களில் ஒன்று மெஸ்தாயா. வலென்சியா கிளப்பின் மைதானம் அந்தக் கால்வாயின் பேரைத்தான் சூடியிருக்கிறது. வாய்க்கால் முன்பு மைதானத்தின் ஓரமாகவே ஓடியது. இன்னொரு கால்வாய் ராஸ்கான்யா. லெவான்டேயின் மைதானம் இருக்கும் வட்டாரத்துக்கு அந்தப் பேர். ஊரின் இரண்டு கிளப்புகளும் பாசன நிலத்தின் மேல் நிற்கின்றன.

காஞ்சியிலிருந்து உத்திரமேரூருக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, பத்தாம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியைச் சேர்ந்தது. குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் எடுப்பதைப் பற்றிய விதிகள் அதில் இருக்கின்றன. அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். வலென்சியா போகுமுன் ஒருமுறை உத்திரமேரூர் போய் அந்தச் சுவர் முன் நில்லுங்கள். தண்ணீரை ஊரே கூடி நிர்வகித்த வழக்கம் இங்கே கல்லில் இருக்கிறது. அங்கே வியாழக்கிழமை தோறும் நடக்கிறது. அந்த வித்தியாசம் மனதில் பதிந்த பிறகு மைதானத்துக்குப் போனால், மெஸ்தாயா என்ற பேர் வேறு மாதிரி ஒலிக்கும்.

துரியா ஆற்றையும் நடந்து பாருங்கள். 1957 அக்டோபர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றை ஊருக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். வறண்ட பழைய படுகையில் பெரிய சாலை போடத் திட்டம் வந்தபோது ஊர்மக்கள் எதிர்த்து நின்றார்கள். இன்று அது ஊரின் குறுக்கே கிலோமீட்டர் கணக்கில் நீளும் பூங்கா. பழைய பாலங்களுக்குக் கீழே கால்பந்துத் திடல்கள் இருக்கின்றன. சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகள் அங்கே பயிற்சி எடுப்பதைப் பார்க்க டிக்கெட் வேண்டாம்.

பட்டு வீதி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கோர்வைச் சேலை நெய்யும் பெரியவர் ஒருவரிடம் வலென்சியாவைப் பற்றிச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஏன் தம்பி, அங்க தறி ஓடுதா இன்னும்?"

அவர் தறிக் குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரைக்குத் தனி நாடா, உடலுக்குத் தனி நாடா, மறுகரைக்கு இன்னொன்று. ஒவ்வொரு ஊடைக்கும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டுத் திரும்ப வேண்டும். அந்தப் பக்கம் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் திருப்பித் தர ஓர் ஆள் வேண்டும். அவருக்கு எதிர்ப்பக்கம் இருந்தது அவர் மனைவி. ஒரு சேலையில் பல ஆயிரம் முறை அந்தக் கைமாற்று நடக்கிறது. பட்டுநூல் கர்நாடகத்திலிருந்து, ஜரிகை சூரத்திலிருந்து. ஆனால் கோர்வை இங்கே கையில். 2005இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அந்தக் கைக்காகத்தான்.

அவர் கேள்விக்குப் பதில் தேடினால் வலென்சியாவில் முதலில் நிற்க வேண்டிய இடம் லோன்ஹா, அதாவது பட்டுச் சந்தை மாளிகை. 1480களில் பெரே கொம்ப்தே என்ற சிற்பி தொடங்கிய கட்டடம். 1996இல் உலக மரபுச் சின்னம் ஆனது. பெரிய மண்டபத்தில் கயிறு முறுக்கியதுபோல் திருகி எழும் கல் தூண்கள், கூரைக்கு அருகில் விரிந்து வளைவுகளாகப் பிரிகின்றன. ஆயிரங்கால் மண்டபத்துத் தூண் வேலையைக் கண்டு வளர்ந்தவர்கள் இங்கே அவசரப்பட மாட்டார்கள். பொய் சொல்லாத, வாக்குத் தவறாத வணிகனுக்குச் செல்வமும் நற்கதியும் உண்டு என்ற பொருளில் சுவரைச் சுற்றிப் பொன்னெழுத்துகள் ஓடுகின்றன. கடனைத் தீர்க்காத வணிகர்களை அடைக்கக் கோபுரத்தில் சிறையும் இருந்தது.

அங்கிருந்து நடை தூரத்தில் வெலுட்டெர்ஸ் என்ற பழைய நெசவாளர் வட்டாரம். பதினைந்தாம் நூற்றாண்டில் ஜெனோவாவிலிருந்து வந்த வெல்வெட் நெசவாளர்கள் குடியேறிய இடம். 1479இல் அவர்களுக்குச் சங்கம் அமைந்தது; அந்தச் சங்கத்தின் வீடு இன்று பட்டு அருங்காட்சியகம். பழைய தறிகள், ஜக்கார்டு அட்டைகள், சாயப் புத்தகங்கள். நம்மவர்களுக்கு விளக்கப் பலகையே வேண்டாம்; பாவு எது, அச்சு எது என்று கையே காட்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தத் தெருக்களில் ஆயிரக்கணக்கில் தறி ஓடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பட்டுப்புழுவுக்கு நோய் வந்தது. முசுக்கொட்டை மரங்களை வெட்டிவிட்டு ஆரஞ்சு வைத்தார்கள். ரயில் ஜன்னலில் கண்ட அழகான தோட்டங்களுக்குப் பின்னால் அந்தக் கதையும் இருக்கிறது.

இன்று அங்கே தறி முற்றிலும் நின்றுவிடவில்லை. ஃபாயாஸ் விழாவில் பெண்கள் உடுத்தும் பூவேலைப் பட்டுக்காகச் சில பட்டறைகளில் கைத்தறி ஓடுகிறது. ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனிச் சிறு நாடா விட்டு நெய்கிறார்கள். நம் ஊரில் புட்டா போடுகிறவர்கள் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார்கள். ஒரு நாள் முழுக்க நெய்தாலும் சாண் அளவே வளரும். ஊருக்கு ஒரு விழா இருப்பதால் அந்த நெசவு பிழைத்திருக்கிறது. பெரியவரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் நாடாவைக் கையில் வைத்திருந்துவிட்டு, "அப்ப நமக்குக் கல்யாணம் இருக்கற வரைக்கும் கவலையில்ல" என்றார். கல்யாணம் மட்டும் போதாது என்பது அவருக்கும் தெரியும். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்பதைத் தடுக்காவிட்டால், கூலி ஏறாவிட்டால், பிள்ளைகள் தறியில் உட்கார மாட்டார்கள். வலென்சியா அருங்காட்சியகத்தில் ஓடாமல் நிற்கும் தறி காஞ்சிக்காரருக்குத் தரும் எச்சரிக்கை அதுதான்.

கடலோரக் குடியிருப்பு

லெவான்டே கிளப் 1909இல் பிறந்தது. வலென்சியாவைவிடப் பத்து வயது மூத்தது. அதன் வேர் துறைமுகத்தை ஒட்டிய கபன்யால் பகுதியில் இருக்கிறது. மீனவர்கள், துறைமுகத் தொழிலாளிகள் வாழ்ந்த இடம். குறுகிய, நேரான தெருக்களில் முகப்பு முழுக்க வண்ண ஓடு பதித்த சின்ன வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனக்குப் பிடித்த நிறத்தில், தனக்குப் பிடித்த கோலத்தில் ஒட்டியிருப்பார். 1998இல் ஒரு அகலச் சாலையைக் கடல் வரை நீட்ட இந்தத் தெருக்களை அறுத்துக்கொண்டு போகத் திட்டமிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் போயிருக்கும். குடியிருந்தவர்கள் பதினேழு வருடம் போராடினார்கள். 2015இல் திட்டம் கைவிடப்பட்டது.

லெவான்டேயின் வரலாற்றில் ஒரு கோப்பை உண்டு. உள்நாட்டுப் போர் நடந்த 1937இல், குடியரசுப் பகுதியில் நடந்த கோப்பையின் இறுதி ஆட்டத்தில் வலென்சியாவையே 1-0 என்று வென்றார்கள். போரில் குடியரசை எதிர்த்த ஃபிராங்கோ ஜெயித்ததால் அந்த வெற்றி கணக்கில் சேரவில்லை. கிளப் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்து, 2023இல் ஸ்பெயின் கால்பந்துக் கூட்டமைப்பின் அங்கீகாரத்தைப் பெற்றது. தங்கள் தாத்தாக்கள் வென்ற கோப்பைக்காக 86 வருடம் காத்திருந்த ஊர் அது. நாள் அமைந்தால் டிராமில் போய் லெவான்டேயின் மைதானத்தில் ஓர் ஆட்டம் பாருங்கள். மெஸ்தாயாவைவிடச் சின்னது, டிக்கெட்டும் எளிதாகக் கிடைக்கும்.

மதியச் சாப்பாட்டுக்கும் இந்தப் பக்கமே நல்லது. வலென்சியா அரிசி ஊர். தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றி வயல்கள். பாயேயா என்ற அரிசிச் சாப்பாடு பிறந்தது இங்கேதான்; அசல் வலென்சியப் பாயேயாவில் கோழியும் முயலும் அவரையும் சேரும். சைவம் சாப்பிடுகிறவர்கள் காய்கறிப் பாயேயா என்று கேட்டு, குழம்புச் சாறு கறியில் வடித்ததா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். மதியம் மட்டும்தான் நல்ல பாயேயா கிடைக்கும். ஊர்க்காரர்கள் இரவில் அதைத் தொடுவதில்லை. கோரை இனக் கிழங்கை அரைத்து எடுக்கும் ஓர்ச்சாத்தா என்ற குளிர்பானம் முழுச் சைவம், வெயிலுக்கு இதம்.

ஓடு சுடும் ஊர்

கடைசி நாள் வில்லாரியலுக்கு. வலென்சியா வடக்கு ரயில் நிலையத்திலிருந்து புறநகர் ரயிலில் ஒரு மணி நேரம். மக்கள்தொகை ஏறக்குறைய 50,000. காஞ்சிபுரம் இதைப்போல் பல மடங்கு பெரிய ஊர். அந்தச் சின்ன ஊரின் கிளப் 2006இலும் 2022இலும் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனது. 2021 மே 26 அன்று போலந்தின் க்டான்ஸ்க் நகரில் நடந்த யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டைப் பெனால்டியில் 11-10 என்று சாய்த்தது. இரண்டு பக்கமும் பதினோரு பேரும் அடித்து, கடைசியில் கோல்கீப்பர்களே பந்தின் முன் நின்ற இரவு. நம் ஊரில் அப்போது விடியத் தொடங்கியிருக்கவில்லை. விழித்திருந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இந்த ஊரின் தொழில் ஓடு. தரைக்கும் சுவருக்கும் ஒட்டும் டைல்ஸ். ஸ்பெயினின் டைல்ஸ் உற்பத்தியில் பெரும்பகுதி இந்தக் காஸ்தெயோன் மாகாணத்தில்தான். ஓட்டுத் தொழிலதிபர் ஃபெர்னாண்டோ ரோய்க் 1997இல் கிளப்பை வாங்கினார். மறுவருடமே அது முதன்முறையாக முதல் பிரிவுக்கு ஏறியது. 2017இல் மைதானத்துக்குப் பேரையே மாற்றினார்கள்: எஸ்தாதியோ டே லா செராமிகா, மட்பாண்ட மைதானம். தனி நிறுவனத்தின் விளம்பரப் பேரைச் சூட்டாமல், ஊரின் தொழில் முழுவதற்குமான பேரை வைத்திருக்கிறார்கள். மைதானத்தின் இருக்கைகள் ஏறக்குறைய 23,000. ஊரில் கிட்டத்தட்ட பாதிப் பேர் உட்காரலாம். மஞ்சள் சட்டையில் தாத்தா பேரன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே மைதானத்துக்கு வருவதைக் காணும்போது, ஒரு தொழில் ஊர் தன் பெருமையை எப்படிச் சொல்லிக்கொள்ளலாம் என்பது கண்ணெதிரே தெரிகிறது.

காஞ்சிபுரம் கால்பந்து கிளப் தொடங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி நடந்தால் மகிழ்ச்சிதான். தமிழ்நாட்டில் கால்பந்துக்கு மண் இருக்கிறது. வியாசர்பாடித் தெருக்களிலிருந்து இந்திய அணி வரை போன பிள்ளைகள் இருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மீனவ ஊர்களில் பந்து உதைக்காத கடற்கரை இல்லை. சென்னையின் எஃப்.சி. இரண்டு முறை இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வென்றது. நம் மாவட்ட விளையாட்டரங்கில் சாயங்காலம் ஆடும் பிள்ளைகளில் பலர் நெசவுக் குடும்பத்தவர்கள். அவர்கள் சட்டையில் ஒரு தறியின் படம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. கூட்டுறவுச் சங்கங்களும் பட்டுக் கடைகளும் மனது வைத்தால் ஒரு ஜூனியர் அணிக்குச் சட்டையும் பந்தும் வாங்கித் தருவது பெரிய செலவே இல்லை.

பயணத்துக்கு முடிந்தவரை ஊர்ப் பிள்ளை ஒருவரை அழைத்துப் போங்கள். மகனோ மகளோ, தம்பியோ, பயிற்சிக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோ. நள்ளிரவு ஒன்றரை மணிக்குப் போனில் பார்க்கும் ஆட்டத்தை, அங்கே இரவு ஒன்பது மணிக்கு விளக்கு வெளிச்சத்தில் அவர் நேரில் பார்க்கட்டும். ஓடு சுட்டு வாழும் ஊர் ஐரோப்பாவை வெல்ல முடியும் என்பதை அந்த வயதில் பார்த்தவர், பட்டு நெய்யும் ஊரைப் பற்றிக் குறைவாக நினைக்க மாட்டார். விசாவுக்கு ஆறு மாதம், சீட்டு எடுக்க மூன்று மாதம் என்று கணக்கு வைத்தாலும், மெஸ்தாயாவின் விளக்குகள் அணைவதற்குள் போய்ச் சேர நேரம் இருக்கிறது. புதுச் சீசனின் அட்டவணை வந்த அன்றே உட்கார்ந்து நாள் குறித்துவிடுங்கள்.